பார வண்டியின் உயரத்தை மாற்றுவதால் உண்டாகும் அனுகூலங்களும் பிரதிகூலங்களும்

நம் கிராமங்களில் மாட்டு வண்டி வகித்து வந்த இடத்தைச் சிறு மோட்டார் பார வண்டிகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன. முக்கால் டன் பாரம் ஏற்றத்தக்க ‘ஏஸ்’ என்னும் வண்டியை டாட்டா நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று செல்லப் பெயர் சூட்டியதிலிருந்தே, அது எவ்வளவு விரைவில் குடியானவர் வாழ்க்கையோடு கலந்துவிட்டது என்பது விளங்கும். அதனினும் பெரியனவாகிய ‘பிக்கப்’ வண்டிகள் ஒன்றரை டன்னுக்கு மேலும் சுமக்கின்றன. நெல் மூட்டை, கரும்பு, காய்கறி, பால் கேன், தீவனம், கோடைக்காலத்தில் குடிநீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் இன்று இவ்வண்டிகளிலேயே போகின்றன.

இவ்வண்டிகளை வாங்கியவர்களில் பலர், சில மாதங்களுக்குள் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுசென்று உயரத்தை மாற்றுகின்றனர். இவ்வழக்கம் இரு வகைப்பட்டது. முன்புறத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் பின்புறத்தோடு மட்டமாக்குவது ஒரு வகை. இது அமெரிக்க நாட்டில் மிகப் பரவியுள்ளது. இதற்கென்றே செய்த துணைப் பொருள்கள் அங்கே தனிக் கட்டாக விற்கப்படுகின்றன. பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பின்புறத்தைத் தூக்குவது மற்றொரு வகை. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது இதுவே. இரண்டினாலும் சில நன்மைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்நன்மைகளுக்காக வண்டிக்காரர் கொடுக்கும் விலை யாது என்பதை அவர் பணம் செலவிடுவதற்கு முன்பே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பின்புறம் ஏன் உயர்ந்திருக்கின்றது?

பாரம் ஏற்றாத பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அதன் பின்புறம் சற்று உயர்ந்தும் முன்புறம் சற்றுத் தாழ்ந்தும் இருப்பது தெரியும். இது செய்தவர்களின் பிழையன்று. என்ஜினும் ஓட்டுநரும் முன்புறத்தில் எப்போதும் இருக்கின்றமையால், முன் ஸ்பிரிங்குகளின் மேல் உள்ள எடை அதிகம் மாறுவதில்லை. பின் ஸ்பிரிங்குகளின் நிலையோ வேறு. காலியாகத் திரும்பும்போது அவற்றின் மேல் எடை மிகக் குறைவு. மூட்டைகளை அடுக்கியதும் பல மடங்கு கூடுகின்றது. முழுப் பாரம் ஏறியவுடன் ஸ்பிரிங் அழுந்தி வண்டி மட்டத்திற்கு வரவேண்டும் என்று கணக்கிட்டே, காலி வண்டியில் அவ்வுயரத்தை விட்டுவைத்திருக்கின்றனர்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இருசுக்கு முன்னே பாரம் கூடினால் முன்பாரம்; மாட்டின் கழுத்து நோகும். பின்னே கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பும். பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நிறையைச் சரிசெய்த பிறகே வண்டியைப் பூட்டுவர். மோட்டார் வண்டியில் அந்நிறையைப் பாதியளவு பொறியாளர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றனர். மீதிப் பாதி பாரம் ஏற்றுபவர் கையில் உள்ளது. உயரத்தை மாற்றுகின்றவர், முன்கூட்டிச் செய்யப்பட்ட அப்பாதியைக் கலைக்கின்றார் என்பதே இங்குக் கருதவேண்டிய அடிப்படை.

முன்புறத்தைத் தூக்குதல்

முன் ஸ்பிரிங்கின் தலைப்பில் இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆன வளையத் துண்டு ஒன்றைச் செருகுவதே இதற்கு எளிய முறை. முறுக்குத் தண்டு ஸ்பிரிங் பொருத்திய வண்டிகளில், அத்தண்டின் பிடியைச் சற்றுத் திருகியே முன்புறத்தைத் தூக்கிவிடலாம். செலவு குறைவு, வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதனால் உண்டாகும் அனுகூலங்கள் மெய்யானவையே. வரப்பை ஏறிக் கடக்கும்போது முன் பம்பர் இடிப்பதில்லை. சேற்றுத் தடத்தில் வண்டியின் வயிறு தரையில் தட்டுவது ஓரளவு குறைகின்றது. சற்றுப் பெரிய டயர் பொருத்த இடம் கிடைக்கின்றது. பார்வைக்கும் வண்டி நிமிர்ந்து நிற்கின்றது. அமெரிக்காவில் பலர் இதனைச் செய்துகொள்வதற்கு இந்தக் கடைசிக் காரணமே பெரிதும் தூண்டுகோல். அங்கே பிக்கப் வண்டி வைத்திருப்போரில் பலர் அதில் பாரம் ஏற்றுவது எப்போதோ ஒரு நாளைக்குத்தான். தினமும் பாரம் சுமக்கும் வண்டிக்கு அவர்களுடைய அனுபவம் அப்படியே பொருந்தாது.

பிரதிகூலங்களில் முதலாவது விளக்கொளியைப் பற்றியது. இதனைச் சிறு கணக்கால் காட்டலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரம் உள்ள வண்டியின் முன்புறத்தை 5 சென்டிமீட்டர் தூக்கினால், வண்டி முழுவதும் 100க்கு 2 என்ற விகிதத்தில் பின்னோக்கிச் சாய்கின்றது. தணித்த முகப்பு விளக்கின் ஒளி, பொதுவாக 100க்கு 1 என்ற அளவில் கீழ்நோக்கிச் செல்லுமாறு அமைக்கப்படுகின்றது. தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி விளிம்பு, 50 மீட்டருக்கு அப்பால் 30 சென்டிமீட்டர் உயரத்தில் விழவேண்டும். வண்டியைத் தூக்கிய பின்னர் அதே விளிம்பு அதே இடத்தில் ஏறத்தாழ 135 சென்டிமீட்டர் உயரத்திற்கு எழும்பிவிடும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருடைய கண் இருக்கும் உயரம் ஏறக்குறைய அதுவே. ஓட்டுநர் விளக்கைத் தணித்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். எதிரே வருபவர் கண் கூசிப் பாதையை இழப்பார். தெரு விளக்கில்லாத கிராமச் சாலையில் இதன் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்புறத்தைத் தூக்கியே தீருவேன் என்பவர், அன்றைக்கே சுவரின் மேல் ஒளி விழச்செய்து விளக்கைத் திருத்திக்கொள்ளாமல் சாலைக்கு வரலாகாது.

இரண்டாவது, ஸ்டியரிங் உறுப்புகளின் கோணம் மாறுவது. சக்கரத்தைத் தாங்கும் கைகளும், அவற்றின் நுனியிலுள்ள பால் ஜாயின்டுகளும், ஸ்டியரிங் தண்டுகளும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இயங்குமாறு செய்யப்பட்டவை. உயரம் கூடினால் அவை எப்போதும் சாய்ந்த நிலையிலேயே இயங்க நேரிடும், தேய்மானம் மிகும். சக்கரங்களின் நேர்நிலையும் பிறழ்வதால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் விரைவில் மழுங்கிப்போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின், முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகளும் இதே துன்பத்திற்கு உள்ளாகும். சக்கரம் குழியில் இறங்கும்போது கீழ்நோக்கிச் செல்வதற்கு விட்டிருந்த இடைவெளியும் குறைந்துவிடுவதால், ஓட்டம் கரடுமுரடாகும்.

இவ்வாறு மட்டமாக்கிய வண்டியில் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? பின்புறம் வழக்கம்போல் அழுந்தும். முன்புறமோ தூக்கியபடியே நிற்கும். வண்டி மூக்கை வானத்திற்கு நீட்டிக்கொண்டு போகும். காலியாக இருக்கையில் மட்டமாகத் தோன்றியது, வேலை செய்யும் வேளையில் கோணலாகிவிடுகின்றது. பாரம் சுமப்பதற்கென்றே வண்டி வைத்திருக்கும் விவசாயிக்கு முன்புறத்தைத் தூக்குவதனால் வரும் பயன் சொற்பம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தல்

நம் பக்கத்து வழக்கமாகிய இதனைப் பற்றி விரிவாகவே ஆராய வேண்டும். ஏனெனில், இதனைச் செய்கின்றவர்கள் அழகுக்காகச் செய்வதில்லை. பாரம் ஏற்றினால் வண்டி மிகவும் உட்கார்ந்துவிடுகின்றது, குழியில் விழும்போது அச்சு மேலேறி ரப்பர் முட்டில் இடிக்கின்றது, டயர் மேலுள்ள தகரத்தில் உராய்கின்றது என்பனவே அவர்கள் கூறும் காரணங்கள்.

இக்காரணங்கள் தோன்றும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஸ்பிரிங் களைத்துவிட்டதா, அல்லது பாரம் மிகுந்துவிட்டதா? பல்லாண்டு உழைத்த ஸ்பிரிங் பட்டை தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும். சில வேளை உள்ளே ஒரு பட்டை முறிந்திருப்பதும் வெளியே தெரியாது. அவ்வாறாயின், நிறுவனத்தார் குறித்த அதே அளவுள்ள புதிய பட்டைகளை மாற்றுவதே முறை. அது மாற்றமன்று, பழுதுபார்த்தல். இரு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறு பக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபுறம் சாய்ந்தே ஓடும். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் புதியனவாகவே போடுதல் நலம். பழைய போல்ட்டு ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அவற்றை மீண்டும் ஒருமுறை முடுக்கவேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். போல்ட்டு தளர்ந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு ஆணி அறுபட்டு, பின் அச்சே இடம் பெயரக்கூடும்.

ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தும் வண்டி உட்காருகின்றது என்றால், பாரம் மிகுதி என்பதே பொருள். அந்நிலையில் பட்டை சேர்ப்பது, காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் நின்றது என்பதைப் போன்றது. ஸ்பிரிங் தாங்கும், சந்தேகமில்லை. ஐந்து பட்டைகளோடு அதே அளவான ஆறாவது பட்டை சேர்ந்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனமான பட்டையாயின் இன்னும் அதிகம். பட்டையின் கனம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் ஆனால், அதன் விறைப்பு 1.7 மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனால், ஸ்பிரிங் ஒன்றுமட்டுமா பாரத்தைச் சுமக்கின்றது? அச்சு, சக்கர பேரிங்கு, டயர், சட்டம், பிரேக்கு ஆகியவற்றின் வலிமை கடுகளவும் கூடவில்லை. முன்பு ஸ்பிரிங் அழுந்தி எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லை. அடுத்துத் தளர்வது எது என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. அது பிரேக்காகவும் இருக்கலாம்.

பிரேக்கைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். சில பார வண்டிகளில், பின் சக்கர பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் வால்வு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. வண்டியின் சட்டத்திற்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கின்றது என்பதைக் கொண்டே, பாரம் எவ்வளவு என்று அது அறிகின்றது. பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், முழுப் பாரம் ஏறியிருந்தாலும் வண்டி காலியாக உள்ளது என்றே அவ்வால்வு கருதும். பின் பிரேக்குக்குச் செல்லவேண்டிய அழுத்தத்தைக் குறைத்துவிடும். மலைச் சாலையில் இறங்கும்போது இதன் ஆபத்து வெளிப்படும். பட்டறைக்காரர் பட்டை சேர்க்கும்போது இவ்வால்வின் கம்பியைக் கவனித்தாரா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

விறைப்பான ஸ்பிரிங்கினால் சரக்குக்கும் கேடு உண்டு. இரண்டு டன்னுக்கென்று இறுக்கிய ஸ்பிரிங்கின் மேல் அரை டன் தக்காளியை ஏற்றிச் சென்றால், ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே பெட்டிக்குள் செல்லும். அடிப்பெட்டித் தக்காளி சந்தைக்குப் போவதற்குள் சாறாகிவிடும். முட்டை, வாழைத்தார், திராட்சை ஏற்றுபவர்களும் இதனைக் கருதவேண்டும். பாரமில்லாமல் திரும்பும் வழியில் பின் சக்கரங்கள் துள்ளி, ஈரச் சாலையில் பிடிப்பை இழப்பதும் உண்டு.

உயரமும் கவிழ்தலும்

வண்டி உயர்ந்தால் கவிழும் என்பது பொதுவாக எல்லோரும் சொல்வதே. எவ்வளவு என்பதையும் அறிதல் நன்று. இடப் புறச் சக்கரத்திற்கும் வலப் புறச் சக்கரத்திற்கும் இடையே 1.4 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் பளு மையமும் உள்ள வண்டி, வளைவில் தன் எடையில் 78 விழுக்காட்டுக்குச் சமமான பக்கவாட்டு விசை வந்தால் கவிழும் என்று கணக்கு காட்டுகின்றது. 5 சென்டிமீட்டர் தூக்கினால் இது 74 ஆகக் குறையும். வைக்கோலையோ பஞ்சு மூட்டையையோ உயரமாக அடுக்கிப் பளு மையத்தை 120 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால், 58 ஆகிவிடும். ஸ்பிரிங்கின் சாய்வையும் டயரின் நெளிவையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வெல்லைகள் இன்னும் தாழும். ஆகவே, இரண்டு அங்குலத் துண்டைக் காட்டிலும், இரண்டு வரிசை அதிகமாக அடுக்கிய மூட்டையே பெரிய பகை. இரண்டும் ஒன்றுசேர்ந்த வண்டிதான் வாய்க்கால் ஓரத்தில் சக்கரம் காட்டிக் கிடக்கின்றது.

பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கிலும் கரும்பும் வேறொரு தீங்கைச் செய்கின்றன. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் அப்பால் 300 கிலோ எடை தொங்குமானால், மேலே கூறிய 2.5 மீட்டர் நீள வண்டியில் முன் சக்கரங்களின் மேலுள்ள எடை 120 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங் இலேசாகச் சுழல்கின்றது என்று ஓட்டுநர் மகிழ்வார். உண்மையில் முன் சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை. இது பழைய பின்பாரமே.

பெரிய டயரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், இழுக்கும் திறன் ஏறக்குறைய அவ்வளவு குறையும். வேகமானி உண்மை வேகத்தைக் காட்டிலும் குறைத்தே காட்டும். மேட்டில் ஏறுகையில் கிளட்ச் தேயும்.

சட்டத்தின் நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனத்தார் ஆதியில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுப் புத்தகத்து விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்று கூறுகின்றது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்தது. மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று அபராதத்தை உயர்த்தியதும் அச்சட்டமே.

ஒரு பட்டை கூட்டுவது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதாகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆயின், எத்தனை பட்டை கூட்டினாலும் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது என்பதில் வாதத்திற்கே இடமில்லை. விபத்து நேர்ந்தபின், தமக்குத் தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்தார் தகராறு செய்யவும் வழியுண்டு. பார வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வோர் இன்னொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். சரக்கின் உடைமையாளரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாமல், பார வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நாற்று நடவுக்கோ திருமணத்திற்கோ இருபது பேரை நிற்கவைத்துக் கூட்டிச் செல்லும் வண்டி கவிழ்ந்தால், அவர்களுடைய குடும்பங்கள் நஷ்ட ஈட்டுக்காக வண்டிக்காரருடைய நிலத்தையே நாடவேண்டி வரும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இவ்விஷயத்தில் இருவகைத் தொடர்பு உண்டு. முதலாவது, சாலை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகருக்கு அருகில் 1958 முதல் 1960 வரை நடத்திய பெரிய சாலைச் சோதனையிலிருந்து, அச்சின் மேலுள்ள பாரம் கூடக்கூடச் சாலைக்கு உண்டாகும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் பெருகுகின்றது என்று பொறியாளர்கள் கண்டனர். 2 டன் தாங்கவேண்டிய பின் அச்சு 3 டன் தாங்கினால், சேதம் ஒன்றரை மடங்கன்று, ஐந்து மடங்கு. இதே கணக்குப்படி, 10 டன் அச்சு ஒன்று ஒருமுறை கடப்பது, 2 டன் அச்சு 625 முறை கடப்பதற்குச் சமம். ஆதலால், கிராமச் சாலை பாழாவதற்குப் பிக்கப் வண்டிக்காரரை மட்டும் குறை கூறிவிட்டு, மணலும் கல்லும் ஏற்றிவரும் பெரிய லாரியைக் கண்டுகொள்ளாதிருப்பது நியாயமாகாது.

இரண்டாவது, பஞ்சாயத்தே வாடகைக்கு அமர்த்தும் வண்டிகள். ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். தொட்டியின் எடை தனி. முக்கால் டன்னுக்குரிய வண்டியில் அத்தொட்டியை நிரப்பச் சொல்பவர், பட்டை சேர்க்கும்படி வண்டிக்காரரைத் தாமே தூண்டுகின்றார். பாதி நிரம்பிய தொட்டியோ வளைவில் தண்ணீர் ஒருபுறம் ஒதுங்குவதால் வேறு வகையில் ஆபத்தானது. வண்டியின் உரிமைப் பாரத்திற்கு ஏற்ற சிறு தொட்டியை வைத்து, அதனை நிரப்பி, ஒரு நடை கூடுதலாக ஓட்டச் செய்து, அதற்குரிய வாடகையையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. நெல்லுக்கும் இதே கணக்குத்தான். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையாயின், முக்கால் டன் வண்டிக்கு 18 மூட்டைக்கு மேல் ஆகாது.

வண்டியைத் தூக்கவேண்டும் என்று ஓர் ஊரில் பலரும் விரும்பினால், அவர்கள் எவ்விடத்தில் தட்டுகின்றது என்று சொல்கின்றார்கள் என்பதைக் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் அது ஓரிரு இடமாகவே இருக்கும்: வாய்க்கால் குழாயின் மேல் கூன் போல் எழும்பிய மண், களத்திற்குத் திரும்பும் இடத்தில் ஆழ்ந்துபோன வண்டித் தடம், தார்ச் சாலையிலிருந்து மண் பாதைக்கு இறங்கும் செங்குத்தான விளிம்பு. அவ்விடத்தில் சில நடை கிராவல் கொட்டிச் சரிவை நீளமாக்கிவிட்டால், அவ்வழியே போகும் எல்லா வண்டிகளுக்கும் குறை தீர்ந்துவிடும். மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் சேர்த்தே தீரும்.

வண்டிக்காரர் தம் அளவில் செய்துகொள்ளத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. மட்டமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள தகரத்தின் விளிம்பு வரை இரு புறமும் அளந்து, சுண்ணாம்பால் குறித்துவைக்க வேண்டும். பின்னர் எடை மேடையில் நிறுத்தி, பதிவுப் புத்தகத்தில் கண்ட மொத்த எடைக்குச் சரியாகப் பாரம் ஏற்றி மீண்டும் அளக்கவேண்டும். அப்போதும் அச்சு ரப்பர் முட்டைத் தொடாமல் இடைவெளி இருக்குமாயின், ஸ்பிரிங்கில் குறையில்லை. தொட்டுவிட்டாலோ, ஒரு புறம் மறு புறத்தைக் காட்டிலும் தாழ்ந்திருந்தாலோ, பட்டறைக்குப் போகவேண்டியதுதான். ஆனால் அங்கே கேட்கவேண்டியது கூடுதல் பட்டையன்று, அதே அளவான புதுப் பட்டை.